உதவித்தொகைக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி இதை பாத்துடுங்க

மகளிர் உரிமைத் தொகை மாதிரி எந்த அரசு பணத்துக்கு அப்ளை பண்றதா இருந்தாலும் முதல்ல ஆதாரோட அரசு சைட்டான மைஆதார்ல (myAadhaar) ஓடிபி போட்டு உள்ள போய் உங்க ஆதார் எந்த பேங்க்ல லிங்க் ஆகியிருக்குன்னு பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலைதான், காசு எதுவும் கிடையாது.

ஆதார் வழியா பணம் போடும்போது பாஸ்புக் நம்பர பாக்க மாட்டாங்க, கடைசியா எந்த பேங்க்ல ஆதார் சீடிங் (அரசு பணம் வர்றதுக்காக அக்கவுண்டோட ஆதார லிங்க் பண்றது) ஆச்சோ அங்கதான் போகும், ஒரு நேரத்துல ஒரே பேங்க்தான். பழைய கம்பெனில சம்பளத்துக்கு ஆரம்பிச்சு அப்படியே விட்ட அக்கவுண்ட்ல பணம் போய் கிடக்கும், நாம பணம் வரலன்னு நெனச்சு கூலிய விட்டுட்டு ஆபீஸ் ஆபீஸா அலைவோம். மாத்தணும்னா உங்களுக்கு வேணுங்கற பேங்க்லயே ஆதார் சீடிங் ஃபார்ம் எழுதிக் குடுங்க.

அக்கவுண்ட் நம்பர வச்சே பணம் போடுற திட்டத்துக்கு இது பொருந்தாது. ஆதார்ல மொபைல் நம்பர் இல்லன்னா ஓடிபி வராது, பேங்க்லயே நேர்ல கேளுங்க.