மான்களுக்கு 25 சென்ட்: இலையுதிர் காலத் தீவன நிலம் போடுவது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓக் மரங்கள் நன்றாகக் காய்த்த ஆண்டில் வெள்ளைவால் மான்களுக்குக் குறையில்லை. காய்ப்புப் பொய்த்த ஆண்டில்தான், குளிருக்குமுன் உடம்பில் கொழுப்புச் சேர்க்க அவை திண்டாடுகின்றன. காட்டோரத்தில் நிலம் உள்ளவர்கள் ஆகஸ்டிலேயே தீவனம் விதைப்பது இதற்காகத்தான். சிலருக்கு வேட்டை நோக்கம், சிலருக்கு மான்களைப் பார்த்தாலே போதும். விதைக்கும் முறை இருவருக்கும் ஒன்றுதான்.

மக்காச்சோளத்தை மூட்டையாக வாங்கிக் கொட்டிவிடலாமே என்று நினைக்காதீர்கள். ஒரே குவியலில் வாய்வைத்துத் தின்னும்போது நோய் எளிதில் பரவும். குளிர்காலத்தில் திடீரென்று மாவுச்சத்து மிகுந்தால் அசைபோடும் வயிறு அமிலமாகி மான் செத்தே போகலாம்.

முதல் முறை கால் ஏக்கர் போதும், நம் கணக்கில் 25 சென்ட். நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகவும், சாலையிலிருந்து தள்ளியும் இருக்கட்டும். நவம்பர் இணைசேரும் காலம். கிடாக்கள் கண்மண் தெரியாமல் ஓடும்.

அடுத்தது மண் பரிசோதனை. பணத்தை மிச்சப்படுத்த பலரும் விடுவது இதைத்தான். விதை வீணாவதும் இதனால்தான். பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆறு அங்குல ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, ஒரு கைப்பிடியை அனுப்புங்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க மையங்களில் இதற்கான பை கிடைக்கும். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இட வேண்டும். அது மண்ணில் வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும் என்பதால் வசந்த காலத்திலேயே போடுவது நல்லது. உரத்தின் அளவையும் அந்த அறிக்கையே சொல்லும்.

ஜூலையில் களையை அழித்து, மேல்மண்ணைக் கிளறி வையுங்கள்.

விதைக்கு என் தேர்வு: கோதுமை 6 கிலோ, ஓட்ஸ் 6 கிலோ, வெள்ளை குளோவர் என்ற பயறுவகைத் தீவனச்செடி 700 கிராம். குளோவருக்கு, வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் பூசிய விதையாகக் கேளுங்கள். மண் வளம் குறைந்ததென்றால் கோதுமைக்குப் பதில் ரை தானியம் போடலாம். கடையில் ரைகிராஸ் என்ற புல்விதையை நீட்டினால் வாங்காதீர்கள். பெயர்தான் ஒத்திருக்கிறது, பயிர் வேறு, பின்னால் களையாக நின்று தொல்லை தரும்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில், மழை வரும் நாளுக்கு முன்தினம் விதையுங்கள். முதலில் கோதுமையையும் ஓட்ஸையும் தூவி, ஓர் அங்குல ஆழத்துக்கு மண்ணை இழுத்து மூடுங்கள். அதன்பின் குளோவரைத் தூவுங்கள். கடுகைவிடச் சிறிய விதை அது. கால் அங்குலத்துக்குமேல் புதைந்தால் முளைக்காது. மண் மூடாமல் உருளையை ஓட்டி அழுத்தினாலே போதும். உருளை இல்லாதவர்கள் வண்டிச் சக்கரத்தால் அழுத்தலாம்.

விதைத்த அன்றே நிலத்தின் நடுவில் நான்கு அடி உயரக் கம்பிவலையை வட்டமாக வளைத்து, முளையடித்து நிறுத்துங்கள். நவம்பரில் வலைக்குள் பயிர் செழித்திருக்க, வெளியே தரையோடு கடிபட்டிருந்தால் மான்கள் வயிறார மேய்ந்திருக்கின்றன. அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டலாம். உள்ளேயும் பயிர் நோஞ்சானாக இருந்தால் குறை மண்ணில். ஓட்ஸ் கடுங்குளிரில் மடிந்துவிடும். கோதுமை பனி உருகியதும் தளிர்க்கும். குளோவர் அடுத்த கோடை முழுவதும் குட்டி ஈன்ற பெட்டைகளுக்குத் தீவனமாக நிற்கும்.