இரவில் மிதந்து செல்லும் கிளைடர்களைக் கணக்கெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கிழக்கு ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளில், மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லும், ‘கிளைடர்’ எனப்படும் பாலூட்டிகள் பல இனங்களாக வாழ்கின்றன. பார்வைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் அணிலை நினைவூட்டினாலும் இவை அணில்கள் அல்ல. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பவை. இவற்றுள் பெரியதான கிரேட்டர் கிளைடர் 2022 ஜூலையில் ஆஸ்திரேலியக் கூட்டரசின் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள விலங்காக உயர்த்தப்பட்டது. 2019-20 காட்டுத்தீ, மரவெட்டு, வெப்பமான இரவுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன.

தன்னார்வலர்கள் எடுக்கும் கணக்கெடுப்புக்கு இங்கே உண்மையான மதிப்பு உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநில வனங்களில் ஒரு கிளைடர் தங்கும் பொந்து மரம் உறுதியானால், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள் மரம் வெட்டக்கூடாது. ஆகவே, எத்தனை விலங்குகளைப் பார்த்தோம் என்று சொல்வதோடு நில்லாமல், எந்த மரத்தில், எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பிறர் கேள்வி கேட்டாலும் நிலைக்கும்படி எழுதுவதே இந்த வேலை. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த நோக்கத்தில் அமைந்தவை.

படி 1: பகலிலேயே பாதையைத் தேர்ந்தெடுங்கள்

இரவில் முதன்முறையாக ஒரு காட்டுக்குள் நுழையாதீர்கள். பகலில் சென்று, சுமார் 500 மீட்டர் நீளமுள்ள ஒரு பாதையை வரையறுத்து, அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வனச்சாலையின் ஓரம் நடப்பதற்கு எளிது. ஆனால் சாலையோர மரங்கள் காட்டின் உட்பகுதியைப் போன்றவை அல்ல என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும்.

நடக்கும்போது பெரிய, வயதான மரங்களைத் தேடுங்கள். கிளைடர் தங்கக்கூடிய பொந்து ஒரு யூகலிப்டஸ் மரத்தில் உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும் என்பதால், இளமரங்கள் மட்டுமே நிற்கும் காட்டில் எவ்வளவு இலை இருந்தாலும் கிரேட்டர் கிளைடருக்கு இடமில்லை. ஒரே விலங்கு பல பொந்துகளை மாறிமாறிப் பயன்படுத்தும். எனவே பொந்துள்ள மரம் ஒன்றிரண்டு இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மரப்பட்டையையும் கவனியுங்கள். ‘வி’ எழுத்தின் வடிவில் கொத்திய தழும்புகள் தெரிந்தால், மஞ்சள் வயிற்றுக் கிளைடர் அங்கே மரச்சாற்றைக் குடிக்க வந்திருக்கிறது என்று பொருள்.

காட்டுக்குச் செல்ல அனுமதி உள்ளதா என்பதையும் அன்றே உறுதி செய்யுங்கள். மரவெட்டு நடக்கும் பகுதிகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கும். அங்கே நுழைவது சட்டப்படி குற்றம், அப்படிப் பெற்ற பதிவும் பயன்படாமல் போகலாம்.

படி 2: கருவிகள்

ஒரு கைவிளக்கு, நடைக்கு ஒரு தலைவிளக்கு, பைனாகுலர், ஜிபிஎஸ் உள்ள கைப்பேசி, கூடுதல் பேட்டரி, பென்சில், குறிப்பேடு ஆகியவை போதும். வெப்பத்தைக் காட்டும் கேமரா இருந்தால் உதவும், இல்லாவிட்டாலும் தொடங்கலாம். விளக்கின் முகப்பில் ஒட்ட ஒரு சிவப்புக் கண்ணாடித்தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். கிளைடர் விரும்பும் பழைய மரங்களே காய்ந்த கிளைகளை முன்னறிவிப்பின்றி உதிர்ப்பவை. ஆகையால் காற்று பலமாக வீசும் இரவில் வேலையைத் தள்ளிவைப்பது பாதுகாப்புக்கும் நல்லது, கணக்கெடுப்புக்கும் நல்லது. மழை, மூடுபனி, முழுநிலவு ஆகியவையும் பார்க்கக்கூடிய விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்.

படி 3: சூரியன் மறைந்த முதல் அரைமணி

என் கணிப்பில், புதியவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் நேரம் இதுதான். இருட்டு நன்றாகக் கவிந்த பிறகு நடக்கத் தொடங்கினால் விலங்கைப் பார்க்கலாம். ஆனால் அது எந்தப் பொந்திலிருந்து வந்தது என்பது தெரியாமலே போய்விடும். சட்டப் பாதுகாப்பு பொந்து மரத்தைச் சுற்றியே அமைந்திருக்கும்போது, இந்த இழப்பு சிறியதல்ல. 2023 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸின் தல்லகண்டா மாநில வனத்தில் இறந்த கிரேட்டர் கிளைடர் ஒன்று கண்டெடுக்கப்பட்டு மரவெட்டு நிறுத்தப்பட்டபோது எழுந்த விவாதமும் பொந்து மரங்கள் போதுமான அளவு தேடப்பட்டனவா என்பதைப் பற்றியதே. அதன்பின் 2024இல், வெட்டுக்கு முந்திய தேடலைச் சூரியன் மறைந்த அரைமணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

எனவே, பகலில் குறித்துவைத்த ஒரு பொந்து மரத்திலிருந்து சற்று விலகி, மேற்கு வானத்தின் மிச்ச வெளிச்சம் பொந்தின் வாயைத் தெளிவாகக் காட்டும் பக்கத்தில் உட்காருங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். முதலில் ஒரு முகம் பொந்தின் விளிம்பில் தோன்றும். அது நெடுநேரம் அசையாமல் இருக்கக்கூடும். பிறகு உடல் வெளிவந்து, தண்டில் மேலே ஏறி, உடலைவிட நீளமான வால் கீழே தொங்க, ஒரு கணம் நிற்கும். அங்கிருந்து அது குதிக்கும் திசையையும் நேரத்தையும் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். பொந்தின் வாயில் நேரடியாக வெள்ளை வெளிச்சம் பாய்ச்சினால் விலங்கு உள்ளேயே தங்கிவிடலாம். அதனால்தான் இங்கே விளக்கைவிடக் கண்ணுக்கே வேலை அதிகம்.

படி 4: மெதுவான நடை, கண்ணொளி

அதன் பின்னர் பாதையில் நடக்கலாம். 500 மீட்டருக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு மிக மெதுவாகத் தோன்றினால் வேகம் சரியாக இருக்கிறது என்று பொருள். பாதையின் இரு பக்கமும், அடிமரத்திலிருந்து உச்சிக்கிளை வரை ஒளியை மெல்ல நகர்த்துங்கள்.

விளக்கைக் கண்ணுக்கு அருகில், கன்னத்தோடு ஒட்டிப் பிடிப்பது மிக முக்கியம். இரவு விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் ஒரு படலம் உள்ளது. இடுப்பு உயரத்தில் விளக்கைப் பிடித்தால் அந்த ஒளி உங்கள் கண்ணுக்குத் திரும்பாமல் விளக்குக்கே திரும்பிவிடும். கிரேட்டர் கிளைடரின் கண்ணொளி வெண்மஞ்சளாகப் பளிச்சென்று, பெரும்பாலும் உயரத்திலிருந்து தெரியும். அதே மரங்களில் காணப்படும் மற்றொரு பைப்பாலூட்டியான பிரஷ்டெயில் பாசம் (possum) என்ற விலங்கின் கண்கள் சிவப்பு கலந்த ஆரஞ்சாக இருக்கும். இலைகளுக்கிடையே பச்சையாக மின்னும் மிகச் சிறு புள்ளிகள் பெரும்பாலும் சிலந்திகளே. ஆயினும் கண்ணொளியின் நிறத்தை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். பைனாகுலரில் காதையும் வாலையும் பார்த்த பிறகே பெயரை எழுதுங்கள்.

விலங்கைக் கண்டதும் சிவப்புத்தாளை ஒட்டிக்கொண்டு, வேண்டியதைப் பார்த்து முடித்தவுடன் ஒளியை விலக்குங்கள். கூசும் ஒளியில் நெடுநேரம் உறைந்திருக்கும் கிளைடர், அதை வேட்டையாடும் ‘பவர்ஃபுல் ஆந்தை’ என்ற பெரிய ஆந்தை இனத்துக்கு எளிதான இரை.

படி 5: இனத்தைப் பிரித்தறிதல்

கிரேட்டர் கிளைடர் ஒரு கிலோவுக்கு முன்பின் எடையுள்ளது; கரும்பழுப்பிலிருந்து வெண்மை வரை நிறம் மாறும்; பஞ்சு போன்ற பெரிய காதுகள். சறுக்கும்போது கைக்கும் காலுக்கும் இடையே விரியும் அதன் தோல் முழங்கையில் முடிவதால், காற்றில் கைகளை முகவாய்க்குக் கீழே மடக்கி முக்கோண வடிவில் மிதக்கும். மற்ற பெரும்பாலான கிளைடர்களுக்கு அந்தத் தோல் மணிக்கட்டு வரை நீள்வதால் அவை நாற்கரமாகத் தெரியும். கீழிருந்து நிழலுருவை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே பெரும் உதவி.

கிரேட்டர் கிளைடர் பெரும்பாலும் ஒலி எழுப்பாது. மஞ்சள் வயிற்றுக் கிளைடரோ கத்திவிட்டுத் தொண்டையில் களகளவென்று உருட்டும். அந்தச் சத்தம் பல நூறு மீட்டர் கேட்கும். சுகர் கிளைடர் குட்டி நாய் குரைப்பதைப் போல விட்டுவிட்டுக் கத்தும். பத்துப் பதினைந்து கிராம் மட்டுமே எடையுள்ள இறகுவால் கிளைடரை விளக்கால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதைக் காணவில்லை என்பதை எதற்கும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டு விலங்கை வரவழைக்கும் முறையும் உண்டு. அது விலங்குகளைத் தொந்தரவு செய்வதால், உரிய அனுமதி பெற்ற ஆய்வாளர்களிடம் அதை விட்டுவிடுங்கள்.

படி 6: இருவர் கணக்கு

ஒரே பாதையில் முதலாமவர் சென்ற கால் மணி நேரத்துக்குப் பின் இரண்டாமவர் தனித்து நடந்து, பார்த்ததைச் சொல்லாமல் தனித்தனியே குறித்தால், நாம் எவ்வளவு தவறவிடுகிறோம் என்பதையே அளந்துவிடலாம். எடுத்துக்காட்டாக, முதலாமவர் 8, இரண்டாமவர் 6 கிளைடர்களைக் கண்டு, அவற்றுள் 4 இருவரும் கண்டவை என்று வையுங்கள். இருவரும் சேர்ந்து கண்டவை 10. ஆனால் 8ஐ 6ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 12 வரும். அதாவது இருவர் கண்ணிலும் படாமல் இன்னும் இரண்டு இருந்திருக்கலாம். எது இருவரும் கண்ட விலங்கு என்று தீர்மானிக்க, ஒவ்வொன்றின் மரமும் நேரமும் துல்லியமாக இருந்தாக வேண்டும். இந்த முறையில் இருவரும் குரல் எட்டும் தொலைவிலேயே இருங்கள்.

படி 7: பதிவும் மறுவருகையும்

ஒவ்வொரு விலங்குக்கும் நேரம், இடம், மரத்தின் இனம், தரையிலிருந்து உயரம், பாதைக்குச் செங்கோணத்தில் உள்ள தொலைவு, செயல் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒன்றையும் காணாத இரவில் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் வானிலையையும் எழுதி, எண்ணிக்கையில் 0 என்று குறியுங்கள். அந்த 0, அங்கே கிளைடர் இல்லை என்பதற்கான சான்று அன்று. வேறு வேறு இரவுகளில் அதே பாதைக்குத் திரும்பச் சென்றால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும்.

நியூ சவுத் வேல்ஸில் பயோநெட் என்ற அரசுத் தரவுத்தளத்திலும், விக்டோரியாவில் அம்மாநிலத்தின் பல்லுயிர்த் தரவுத்தளத்திலும் பதிவைச் சேர்க்கலாம். பொந்து மரத்தின் படத்தைச் சமூக ஊடகத்தில் இடும் முன், கைப்பேசி படத்தோடு சேர்த்துவைத்த இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். சரியான இடத்தை அரசுத் தரவுத்தளத்துக்கு மட்டும் கொடுங்கள்.