டிரெய்லருக்கு இழுப்பறைச் சமையலறை: கட்டிய விதமும் சிக்கிய இடமும்

ஜீப்பின் பின்னால் ஒற்றை அச்சு டிரெய்லரை மாட்டிக்கொண்டு பழனி மலைப் பக்கம் சுற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். தாண்டிக்குடியில் நண்பரின் காபித் தோட்டம், பூம்பாறையில் இன்னொரு நண்பரின் பூண்டு வயல் என இரண்டு இடங்களிலும் கூடாரம் போட அனுமதி உண்டு. சமையல்தான் பெரும்பாடு. ஈரப்புல்லின் மேல் அடுப்பை வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தியபடி ஆக்க வேண்டும். முழங்கால் வலியோடு ஒரு நாள் முழுக்க அப்படிச் சமைத்துவிட்டு, “அடுத்த தடவை நீயே ஆக்கிச் சாப்பிடு, நான் வீட்டிலேயே இருக்கிறேன்” என்று அம்மா சொன்னார். அன்றிரவே காகிதமும் பென்சிலும் எடுத்தேன்.

கட்ட நினைத்தது எளிமையானதுதான். டிரெய்லரின் பக்கவாட்டிலிருந்து மேசை இழுப்பறை போல் வெளியே வரும் ஒரு பெட்டி. அதில் அடுப்பு, பாத்திரம், மளிகை எல்லாம் இருக்கும். இழுத்தால் சமையலறை, தள்ளினால் பயணம். வெல்டிங் செய்யவும் இரும்பில் துளை போடவும் உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. அதனால் நான் எதையும் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பற்றவைக்கவில்லை. எல்லாம் போல்ட்டுதான். அரை மணி நேரத்தில் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம்.

முதலில் தரையில் கட்டம் போடுங்கள்

இரும்பு வாங்கப் போகாதீர்கள். கூடத்துத் தரையில் சாக்பீஸால் 90 சென்டிமீட்டர் நீளம், 50 அகலத்தில் கட்டம் போட்டு, எடுத்துச்செல்ல நினைக்கும் அத்தனையையும் அதற்குள் அடுக்குங்கள். எனக்கு முதல் தடவை பாதிகூட உள்ளே போகவில்லை. மூன்று குழம்புச் சட்டிகளும் இட்லிப் பானையும் வெளியேறின. இரட்டை அடுப்பு, 5 லிட்டர் குக்கர், தோசைக்கல், ஒரு வாணலி, அஞ்சறைப் பெட்டி, தட்டு தம்ளர்கள் மிஞ்சின. அடுப்பு வெளிமுனைப் பக்கம். அதன் கீழே ஆழம் குறைந்த தட்டில் தோசைக்கல்லும் தட்டுகளும். டிரெய்லரை ஒட்டிய 30 சென்டிமீட்டரில் மளிகையும் குக்கரும்.

குக்கரை விட்டுவிடாதீர்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகும் என்று காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். குக்கரிலும் வீட்டுக் கணக்கைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுகிறேன்.

உயரத்தை அளக்கச் சமைப்பவரையே கூப்பிடுங்கள். அம்மாவை நிற்க வைத்து, கரண்டி பிடித்த கையின் முழங்கைக்குச் சற்றுக் கீழே கோடு போட்டேன்: தரையிலிருந்து 86 சென்டிமீட்டர். அடுப்பின் மேல்தளம் அங்கே வர வேண்டும். பெட்டி எந்தப் பக்கம் திறப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: இடப்பக்கம். நம் ஊரில் வண்டியை ஓரங்கட்டினால் சாலை வலப்பக்கம் இருக்கும். சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் பஸ் போகக் கூடாது.

சேனல்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

சேனல் என்பது இழுப்பறை உருண்டு வெளிவர இரு பக்கமும் மாட்டும், உள்ளே இரும்புக் குண்டுகள் உள்ள தண்டவாளம். அலமாரிகளுக்குப் போடும் 45 மில்லிமீட்டர் அகலச் சேனல்தான் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அது வீட்டுக்கானது; சுமார் 45 கிலோ தாங்கும், பூட்டு கிடையாது. என் பெட்டி எல்லாம் அடுக்கிய பின் 60 கிலோ. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முழுக்க வெளியே வந்ததும் பெட்டியின் எடை மையம் டிரெய்லரின் விளிம்பிலிருந்து 45 சென்டிமீட்டர் வெளியே தொங்குகிறது. பின்முனை போல்ட்டு விளிம்பிலிருந்து 85 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆகவே பின்முனையை 32 கிலோ மேல்நோக்கித் தூக்குகிறது; முன்விளிம்பில் 92 கிலோ இறங்குகிறது. இதற்குமேல் ஒருவர் முனையில் கை ஊன்றிச் சாய்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எனவே 76 மில்லிமீட்டர் அகலம், 200 கிலோவுக்கு மேல் தாங்கும் ஜோடி, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும் வகை. விலை கேட்டதும் வயிற்றைக் கலக்கும். வாங்கிவிடுங்கள். இதன் தடிமன் பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர், இரு பக்கமும் சேர்த்து 38. திறப்பின் அகலத்திலிருந்து 38 கழித்துப் பெட்டியைச் செய்யுங்கள்; ஆனால் கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல் சேனலை வெர்னியரால் அளந்த பிறகு.

பெட்டிக்கு 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய்ச் சட்டம், 12 மில்லிமீட்டர் மரைன் (நீர் தாங்கும்) பிளைவுட். அதற்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பலகை அங்குள்ள மூடுபனியில் நாலே மாதத்தில் அப்பளமாகிவிடும்.

பூம்பாறையில் நடந்தது

முதல் முறை கட்டியபோது இரண்டு சேனல்களையும் டிரெய்லர் உடம்பிலேயே நேராகப் போல்ட்டுப் போட்டேன். பட்டறையில் ஒற்றை விரலால் இழுத்தால் வெண்ணெய் போல் வந்தது. வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு இழுத்துக் காட்டினேன்.

கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பூம்பாறை. படிப்படியாக இறங்கும் வயல்கள். நாங்கள் நிறுத்திய இடத்தில் இடச்சக்கரம் தாழ்ந்திருந்தது. டிரெய்லர் ஆடாமல் நிற்க இறக்கும் ஊன்றுகால்களில் பின்பக்க இடதை ஜாக்கியால் ஏற்றி, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கினேன். அன்று மதியம் புதிதாகப் பிடுங்கிய மலைப்பூண்டில் ரசம் என்று பேச்சு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, தோட்டத்துக்காரரே கையில் கொடுத்தது. இழுப்பறையை இழுத்தேன். ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. ஒரு சாண் இடைவெளியில் கையை விட்டு அம்மா மிளகு டப்பாவை மட்டும் எடுத்தார். அடுப்பு உள்ளே.

தூசி என்று நினைத்தேன். எண்ணெய் விட்டேன். பிறகு புத்தி கெட்டுப்போய் மரச் சுத்தியலால் தட்டினேன். ஒரு சேனலுக்குள் குண்டுகளைப் பிடித்திருக்கும் தகடு வளைந்தது அப்போதுதான். மதியம் பக்கத்து டீக்கடையில் பரோட்டா. மாலையில் கிளம்புவதற்காக ஊன்றுகாலை இறக்கினேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். இழுப்பறை தானாகவே ஓர் அங்குலம் நகர்ந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

காரணம் இதுதான். ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் தூக்கும்போது சேஸிஸ் மட்டமாவதோடு நிற்பதில்லை, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. பிழிந்த துண்டு மாதிரி. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் இரண்டு சேனல்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது போய்விடுகிறது, குண்டுகள் நெரிபடுகின்றன.

முறுக்கைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய தச்சர் உத்தி இருக்கிறது. நேரான இரண்டு அலுமினியப் பட்டைகளை எடுங்கள். ஒன்றை இரு சேனல்களின் வாய்ப்பக்கத்திலும் மற்றொன்றைப் பின்முனையிலும் குறுக்காகக் கிடத்துங்கள். குனிந்து ஒரு கண்ணை மூடி, முன்பட்டையின் மேல்விளிம்போடு பின்பட்டையை ஒட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்து மூலையை ஜாக்கியால் தூக்கிவிட்டு இப்படிப் பார்த்தேன். பின்பட்டையின் ஒரு முனை 7 மில்லிமீட்டர் எழும்பி நின்றது. சேனல் ஒரு மில்லிமீட்டருக்கே முனகும்.

தொட்டில் கட்டுதல்

தீர்வு, சேனல்களை டிரெய்லரில் மாட்டாமல் தனி இரும்புச் சட்டம் ஒன்றில் மாட்டுவது. நான் அதைத் தொட்டில் என்கிறேன். 40 மில்லிமீட்டர் சதுரக் குழாயில், நான்கு மூலையிலும் முக்கோணத் தகடு வைத்து, தானாக முறுக்காத அளவுக்கு விறைப்பாகச் செய்யுங்கள். பற்றவைக்கும்போது ஒரு மூலையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், சூட்டில் இழுத்துக்கொள்ளும். எல்லா மூலைகளிலும் முதலில் சிறு பொட்டு, பிறகு இரு மூலைவிட்டங்களும் சமமா என்று அளத்தல், அதன்பின் எதிரெதிர் மூலைகளாக முழுப் பற்றவைப்பு.

தொட்டிலை டிரெய்லரோடு சேர்க்கும் புள்ளிகள் மூன்று. நான்கு அல்ல, மூன்று. நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்ற அதே கணக்கு. இழுப்பறை வெளிவரும் பக்கத்தில் இரண்டு, எதிர்ப்பக்கத்தில் நடுவில் ஒன்று. சேஸிஸ் எப்படி முறுக்கினாலும் மூன்று புள்ளிகள் ஒரே தளத்தில்தான் இருக்கும். தொட்டில் சற்றுச் சாயுமே தவிர வளையாது. ஒற்றைப் புள்ளியில் ஷாக் அப்சர்பர் ரப்பர் புஷ் இரண்டு: தகட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே சொன்ன 32 கிலோ தூக்கல் இந்த இடத்தில்தான் வருகிறது. கீழே மட்டும் புஷ் வைத்தால் தூக்கும்போது தகடு நேராகப் போல்ட்டுத் தலையில் இடிக்கும்.

மாட்டி முடித்ததும் ஒரு மூலையை ஜாக்கியால் தூக்கி, இழுப்பறையை இழுத்துப் பாருங்கள். மட்டமான தரையில் சோதிப்பது சோதனையே அல்ல.

இன்னொன்றும் கற்றேன். டிரெய்லரை மட்டமாக்க ஊன்றுகால் கருவியே அல்ல. தாழ்ந்த சக்கரத்தின் கீழ் பலகை வைத்து ஏற்ற வேண்டும். ஊன்றுகால் ஆடாமல் நிறுத்த மட்டும்.

மீதி வேலைகள்

இழுப்பறையின் வெளிமுனையில் மடக்குக் கால் ஒன்று, அடியில் திருகி உயர்த்தும் பாதத்தோடு. அது தரையைத் தொட்டதும் சேனலின் பாரம் பாதியாகிறது. கால் சரியாக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வேண்டாம். தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடினால் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு திருகு.

சேனலுக்குக் கிரீஸ் பூசுவோர் உண்டு. செம்மண் பாதையில் கிரீஸும் தூசியும் சேர்ந்து உப்புத்தாள் வேலை செய்யும். நான் தூரிகையால் தட்டி, துணியால் துடைப்பதோடு சரி.

நட்டுகள் எல்லாம் நைலாக், அதாவது அதிர்வில் எளிதில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளவை. இறுக்கியபின் நட்டின் மேலிருந்து தகடு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு. கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து நிறுத்தும்போது ஒரு பார்வை போதும்: கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. சிவப்பு நிறம் நன்றாகத் தெரிகிறது.

சிலிண்டர் இழுப்பறைக்குள் கூடாது. 5 கிலோ சிலிண்டரை டிரெய்லரின் முன்பக்க முக்கோணச் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன். ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றியே இருக்கும். நின்றதும் சிலிண்டரை அவிழ்த்து இழுப்பறையின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து மாட்டுவேன். டியூப், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆரஞ்சு நிற வகை. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பெட்டியின் அடியில் தேங்கும். அதனால் அடிப்பலகையில் 50 மில்லிமீட்டரில் இரண்டு துளைகள், பூச்சி வராமல் வலை. கசிவுக்குச் சோப்பு நுரைதான், தீக்குச்சி அல்ல.

60 கிலோ முழுதும் இடப்பக்கம் இருப்பதால் 20 லிட்டர் எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் வலப்பக்கம், அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தேன்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துக் கட்டிய கோத்தகிரி வாசகர் ஒருவர் இழுப்பறையைப் பின்பக்கம் வைத்திருக்கிறார். ஜீப்பிலிருந்து கழற்றிய டிரெய்லரில் அதை முழுக்க இழுத்ததும் முன்மூக்கு ஆகாயத்தைப் பார்த்ததாம். பின்பக்கம் வைப்பவர்கள் பின் ஊன்றுகால்களை இறக்காமல் இழுக்காதீர்கள்.

டிசம்பர் விடியலில் அடுப்பு மங்கி எரிகிறது என்று இருவர் எழுதினார்கள். நம் சிலிண்டரில் உள்ள பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் ஆவியாகத் தொடங்கும். குளிரில் அழுத்தம் குறைகிறது, கடைசிக் கிலோவில் இன்னும் மோசம். வெயில் வரட்டும். சிலிண்டரைச் சூடுகாட்டும் வேலை வேண்டாம்.

சேனலின் பூட்டு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு: போதாது. தாண்டிக்குடி இறக்கத்தில் ஒருமுறை எனக்கே பூட்டு விடுபட்டது. இப்போது வெளியே லாரிக் கதவுக்குப் போடும் கொண்டி ஒன்றும், அதில் கோத்த ‘பின்’ ஊசி ஒன்றும் இருக்கிறது. பின்னை நூலில் கட்டித் தொங்க விடுங்கள். பூண்டு வயலில் விழுந்தால் கிடைக்காது.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் செல்ல இ-பாஸ் வேண்டும். கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். சமைத்த மிச்சத்தை வெளியே வைத்துவிட்டுத் தூங்க வேண்டாம். கொடைக்கானலில் காட்டெருமை தெருவிலேயே நடக்கும். பூம்பாறையில் ஒரு விடியலில் எங்கள் இழுப்பறையின் மடக்குக் காலருகே குளம்புத் தடம் இருந்தது. அன்றிலிருந்து இரவில் பெட்டியைத் தள்ளி மூடி, கொண்டியையும் போட்டுவிட்டுத்தான் படுக்கிறோம். இப்போது அந்தக் கொண்டியைப் போடுபவர் அம்மா.