நிழலும் ஈரமும் உள்ள புல்தரையில் பாசித் திட்டுகளை நீக்கிப் புல்லை மீட்கும் முறை

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில், வீட்டின் வடபுறத்திலோ சில்வர் ஓக், சைப்ரஸ் மரங்களின் அடியிலோ உள்ள புல்தரை, மழைக்காலம் முடிவதற்குள் ஓரிடத்தில் வெறும் மண்ணாகவும் மற்றோரிடத்தில் பாசியாகவும் மாறிவிடுகிறது. பாசிதான் புல்லை அழித்தது என்று எண்ணி அதைச் சுரண்டிவிட்டு அங்கேயே புதுப் புல்லைப் பதிப்பவர்கள், அடுத்த மழையில் பழைய நிலையையே காண்கிறார்கள். ஒரு பாசித் திட்டைக் கட்டைவிரலால் நெம்பிப் பாருங்கள். பாய்த்துண்டு போல முழுதாகக் கழன்று வரும். அதற்கு வேரே கிடையாது, மண்ணைப் பற்றிக்கொள்ளச் சில மெல்லிய பழுப்பு இழைகள் மட்டுமே உண்டு. புல் வலுவிழந்து விட்டுச்சென்ற இடத்தில்தான் அது குடியேறுகிறது. ஆகவே, புல் ஏன் வலுவிழந்தது என்பதைச் சரிசெய்யாமல் எதையும் நடக்கூடாது.

முதலில் வெளிச்சம். பிப்ரவரியில் வானம் தெளிவாக உள்ள ஒரு நாளில், அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று காலை முதல் மாலை வரை குறித்துக்கொள்ளுங்கள். நிழல் தாங்கும் புல்லுக்கும்கூட ஏறத்தாழ 4 மணி நேர வெயிலோ, இலைகளின் ஊடே வடிந்து வரும் நல்ல வெளிச்சமோ வேண்டும். தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்தாலே பல இடங்களில் இது கிடைத்துவிடும். அதன் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், அங்கே புல்லை வற்புறுத்தாமல் பெரணிச் செடிகளை வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பாசியையே விட்டுவைத்தாலும் குறையில்லை. ஜப்பானின் கியோட்டோவில் உள்ள சைஹோஜி கோயில் தன் பாசித் தோட்டத்துக்காகவே பெயர் பெற்றது.

அடுத்து நீர். ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது நீர் நாலைந்து மணி நேரத்திலும் இறங்காவிட்டால் வடிகால் சரியில்லை என்று பொருள். மேட்டுப் பக்கமிருந்து வரும் மழைநீரைத் திருப்பிவிட, ஓரமாக ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்பினால் பெரும்பாலும் போதும்.

மலை மண் இயல்பாகவே புளிப்புத்தன்மை கொண்டது. தேயிலைக்கு அது உகந்தது. புல்லுக்கு அளவு மீறினால் ஆகாது. நாலைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரை கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் மட்டும் டோலமைட் சுண்ணாம்பு தேவைப்படும். சுண்ணாம்பு போட்டாலே பாசி ஒழிந்துவிடும் என்று சொல்வதை நம்பவேண்டாம்.

இனிப் பாசியை நீக்கலாம். 10 சதுர மீட்டர் பரப்புக்கு 150 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) 10 லிட்டர் நீரில் கரைத்து, பாசி ஈரமாகவும் வானம் மழையின்றியும் இருக்கும் காலையில் பூவாளியால் சீராகத் தெளியுங்கள். கையுறை அணியவேண்டும், தரை உலரும்வரை குழந்தைகளையும் நாயையும் அங்கே விடக்கூடாது. சிமென்ட் தரையிலும் கல்லிலும் பட்டால் துருக்கறை படியும், அது எளிதில் போகாது. சில நாட்களில் பாசி கறுத்துவிடும். இரண்டு வாரம் கழித்து இரும்புப் பற்கள் கொண்ட ரேக்கினால் அழுத்தி வாரி எடுங்கள். உயிருள்ள பாசியை வாரினால் அது சிதறிப் பரவும் என்பதால் கறுக்கும்வரை பொறுப்பது அவசியம். சுண்ணாம்பு தேவையென்றால், அன்னபேதி தெளித்து 3 வாரமாவது சென்ற பின், சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவில் தூவுங்கள்.

மிதிபட்டு இறுகிய மண்ணில், கடப்பாரையாலோ தடித்த கம்பியாலோ சாண் இடைவெளியில் 10 செ.மீ. ஆழத் துளைகள் இட்டு, மணலும் சலித்த மட்கிய உரமும் சம அளவில் கலந்து அவற்றில் நிரப்புங்கள். மேற்பரப்பையும் விரலளவு ஆழத்துக்குக் கொத்திவிட்டு, அதே கலவையைப் பரப்பிச் சமன் செய்யுங்கள்.

ஏப்ரலில் கோடை மழை தொடங்கியதும் நடவு செய்தால், ஜூன் மாதப் பருவமழைக்கு முன்பே புல் வேர் பிடித்துவிடும். நர்சரிகளில் பஃபலோ புல் என்று விற்கும் அகன்ற இலைப் புல்லே நிழலுக்கு ஏற்றது. அருகம்புல் நிழலில் நிலைக்காது. மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டுகளாக நறுக்கி, 10 செ.மீ. இடைவெளியில், இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் புதையும்படி நட்டு, உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். மழை இல்லாத நாட்களில் காலையில் மட்டும் நீர் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுவதும் இலை ஈரமாகவே இருந்து பூஞ்சணம் பிடிக்கும்.

திட்டு மூடும்வரை யாரும் அதில் நடக்கக்கூடாது. நடந்தே ஆகவேண்டிய வழியென்றால் படிக்கற்கள் பதித்துவிடுங்கள். நிழலில் வளரும் புல்லுக்குக் கிடைக்கும் வெளிச்சமே குறைவு என்பதால் இலைப்பரப்பைக் கூடுதலாக விட்டுவைக்கவேண்டும், 6 செ.மீ. உயரத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை மெலிந்து நீண்டு நோய்க்கு இடம் கொடுக்கும். உதிர்ந்த இலைகளை வாரந்தோறும் கூட்டி அகற்றுங்கள், குறிப்பாக அக்டோபர் மழை தொடங்கும் முன்.