உடம்பு ஏறியும் குறை தீராதவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினெட்டு வயதுப் பையன் ஜிம்முக்குப் போகிறான் என்றால் வீட்டில் சந்தோஷம்தான். விடிகாலையில் எழுந்துவிடுகிறான், சிகரெட் பக்கம் போவதில்லை. பெரும்பாலான பையன்களுக்கு அது நல்லதாகவே அமைகிறது. ஆனால் சிலருக்கு உடம்பு ஏற ஏற மனக்குறையும் கூடவே ஏறுகிறது. நெஞ்சு விரிந்து, தோள் பருத்து, சட்டைக் கை இறுகும் அளவுக்கு வளர்ந்த பிறகும் "நான் இன்னும் ஒல்லியாத்தான் இருக்கேன்" என்று உண்மையாகவே நம்புகிறார்கள்.

இதற்கு மஸில் டிஸ்மார்ஃபியா என்று பெயர். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவருடைய குழுவினரும் 108 ஆண் பாடிபில்டர்களிடம் நடத்திய ஆய்வை 1993-ல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு இந்த எண்ணம் இருந்தது. அனோரெக்ஸியா என்ற உணவை ஒதுக்கும் மனநோய் உள்ளவர் எலும்பும் தோலுமாக இருந்தும் தன்னைக் குண்டு என்று நினைப்பார். இது அதற்கு நேர் எதிர் என்பதால் அப்போது 'தலைகீழ் அனோரெக்ஸியா' என்றே அழைத்தார்கள். 2013-ல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாடான டிஎஸ்எம்-5, இதை உடல்தோற்றம் குறித்த மனக்கோளாறின் ஒரு வகையாக, ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்ய வைக்கும் ஓசிடி என்ற மனநோயின் குடும்பத்தில் சேர்த்தது.

ஓசிடி குடும்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். இதைத் தற்பெருமை என்று நினைப்பதுதான் நம் வீடுகளில் முதலில் நடக்கும் தவறு. "எப்பப் பாரு கண்ணாடி முன்னாடியே நிக்கிறான்" என்று அலுத்துக்கொள்கிறோம். ஓசிடி உள்ளவர் பத்தாவது தடவை கை கழுவும்போது அதில் சுத்தத்தின் மேல் ஆசை எதுவும் இருக்காது, பயம்தான் இருக்கும். கண்ணாடி முன் நிற்கும் இந்தப் பையனுக்கும் அப்படித்தான். குறைந்துவிட்டோமோ என்று பார்க்கத்தான் நிற்கிறான்.

பைசெப்ஸுக்கு நாலு செட் அடித்து முடித்ததும் ரத்தம் பாய்ந்து கை விம்மி நிற்கும். ஜிம்மில் 'பம்ப்' என்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது வடிந்துவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் இவன், ஜிம் விளக்கு மேலிருந்து விழும்போது தெரிந்த அந்தக் கையை மனதில் வைத்துக்கொண்டு, ராத்திரி பாத்ரூம் வெளிச்சத்தில் மறுபடி பார்க்கிறான். இன்ச் டேப்பை எடுக்கிறான். ஜிம்மில் 15 இருந்தது, இப்போது 14¾. தசை கரைந்துவிட்டது என்று அடிவயிறு கலங்குகிறது. குறைந்த அந்தக் கால் இன்ச் ரத்தமும் நீரும்தான், சில மணி நேரத்தில் அவ்வளவு தசை யாருக்கும் கரையாது. அது தெரிந்திருந்தும் காலையில் மறுபடி அளப்பான். அளவு சரியாக இருந்தால் சற்று நேரம் நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் டேப்பை எடுக்க வைக்கிறது. "இன்னும் ஒரு இன்ச் ஏறினா சரியாயிடும்" என்ற கணக்கு இதனால்தான் பலிப்பதில்லை. ஏறிய பிறகு, கைநழுவிப் போகக்கூடியதாக இன்னும் ஒரு இன்ச் சேர்ந்துகொள்கிறது. பயம் அப்படியே இருக்கிறது.

சரி, யாருக்காக இவ்வளவு பாடு? போப் குழுவினர் 2000-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதற்குப் பதில் தேடியது. ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு இளைஞர்களிடம் கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஆண் உடலைக் காட்டி, தசையைக் கூட்டிக் குறைத்துத் தனக்குப் பிடித்த உடலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மூன்று நாட்டிலும் தங்களிடம் இருப்பதைவிட சுமார் 13 கிலோ அதிகத் தசையுள்ள உடலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெண்களுக்கும் ஏறக்குறைய அந்த உடல்தான் பிடிக்கும் என்று ஊகித்தார்கள். பெண்களையே கேட்டபோது, அவர்கள் காட்டியது கூடுதல் தசை எதுவும் இல்லாத சாதாரண உடலை. யாரும் கேட்காத 13 கிலோவுக்காக இத்தனை பேர் தங்களை வெறுக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அந்த உடல் மனதில் எங்கிருந்து வந்து உட்கார்ந்தது? அமெரிக்கச் சிறுவர்கள் விளையாடும் ஜி.ஐ.ஜோ பொம்மையை இதே குழு அளந்து பார்த்தது. பொம்மையை 5 அடி 10 அங்குல மனிதனாகக் கணக்கிட்டால், 1964-ல் அதன் பைசெப்ஸ் சுமார் 12 இன்ச். 1990-களின் கடைசியில் வந்த பொம்மைக்கு ஏறக்குறைய 27 இன்ச்! நிஜத்தில் எந்த பாடிபில்டருக்கும் இல்லாத கை அது. நம் ஊரில் அந்த இடத்தில் சிக்ஸ் பேக் ஹீரோவும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் இருக்கின்றன. சட்டையில்லாக் காட்சிக்கு முன்பு சிலர் தண்ணீரையும் உப்பையும் குறைத்து, கேமரா ஓடுவதற்குச் சற்று முன் பம்ப் ஏற்றி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். அந்தச் சில நிமிட உடம்பை, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நம் உடம்போடு ஒப்பிடுவது பெரிய தவறு.

அப்புறம் உறவுக்காரர்கள். கல்யாண வீட்டில் "என்னடா, காத்தடிச்சா பறந்துருவ போல" என்கிற அதே மாமா, இரண்டு வருஷம் கழித்து "செமயா ஏத்திட்டியே மாப்ள" என்கிறார். இரண்டுமே வேண்டாம். உடம்பைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்ற பழக்கத்தையே விட்டுவிடலாம். ஜிம் மாஸ்டர்களுக்கும் இதையே சொல்வேன்: ஏற்கெனவே தன்னைக் குறைத்து மதிக்கும் பையனிடம் "உனக்கு காலே இல்லடா" என்று உசுப்பேற்றாதீர்கள்.

ஆறுதல் சொல்வதிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. "சின்னதா தெரியுறேனா?" என்று அவன் கேட்கும் ஒவ்வொரு தடவையும் "நல்லாத்தான்டா இருக்க" என்று சொன்னால், அதுவும் இன்ச் டேப்பின் வேலையைத்தான் செய்கிறது. அதைவிட, அவன் எதையெல்லாம் இழக்கிறான் என்று பாருங்கள். பந்திச் சாப்பாட்டுக்குப் பயந்து அக்கா கல்யாண விருந்தையே தவிர்க்கிறானா? ஜிம் இல்லாத ஊர் என்று கல்லூரிச் சுற்றுலாவை விடுகிறானா? தோள் வலியோடு வெயிட் தூக்குகிறானா? சித்திரை வெயிலிலும் தொளதொளவென்று முழுக்கைச் சட்டைக்குள் ஒளிகிறானா? கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் இவை. பேச்சையும் இங்கிருந்தே தொடங்குங்கள்.

புரோட்டீன் பவுடரையும் ஸ்டீராய்டு ஊசியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது பெற்றோர் செய்யும் இன்னொரு தவறு. வே புரோட்டீன் பாலிலிருந்து எடுப்பது. போலி டப்பாக்கள் உண்டு, அது வேறு பிரச்சினை. டப்பாவைப் பார்த்ததும் கூச்சல் போட்டால், நாளைக்கு ஊசி போட்டாலும் உங்களிடம் சொல்ல மாட்டான். ஊசிதான் ஆபத்து. அதன் வழியாக டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. விரைகள் சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெண்களுடையதைப் போல வளரலாம், இதயம் பாதிக்கப்படலாம். கோர்ஸை நிறுத்தினால், சொந்தச் சுரப்பு திரும்பப் பல மாதம் ஆகலாம். அதுவரை சோர்வும் மன அழுத்தமும் வாட்டும். தசையும் குறையும். அந்தப் பயத்தில் அடுத்த கோர்ஸ் தொடங்குகிறது. ஊசி போட்டதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மறைத்தால் அவர் தவறான இடத்தில் காரணம் தேடுவார்.

"வயசானா சரியாயிடும்" என்று காத்திருக்கவும் வேண்டாம். 2005-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இந்தக் கோளாறு இருந்த 14 ஆண்களில் பாதிப் பேர் எப்போதோ ஒருமுறை தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். சிகிச்சை இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளும் உடல்தோற்றக் கோளாறுகளில் பலன் தருகின்றன. ஜிம்மை அடியோடு விட்டால்தான் குணமாகும் என்பதில்லை. கண்ணாடி பார்ப்பதைக் குறைப்பது, அளக்காமல் ஒரு வாரம் ஓட்டுவது, ஒரு நாள் ஜிம் போகாமல் அந்தப் பதற்றத்தைத் தாங்கிப் பார்ப்பது என்று படிப்படியாகப் பழக்குவார்கள்.

மனநல மருத்துவரிடம் நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், நாள் முழுக்க இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். நோயின் பெயரெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "உடம்பைப் பத்தின நினைப்பு நாள் முழுக்க ஓடுது, நிறுத்த முடியல" என்று சொன்னால் போதும்.