வேட்டைக்காரருக்குச் சுடுபோட்டி வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளை விடாதீர்கள்

நோர்வேயில் செப்டம்பர் 25 இல் எல்க் என்ற மிகப் பெரிய மானின் வேட்டை தொடங்கும். அதற்கு முன்னர், கோடையில், ஊர்ச் சுடுதளங்களில் யாராவது ஒரு நட்புப் போட்டி வைப்பார்கள். பெரிய மிருக வேட்டைக்கு ஆண்டுதோறும் கட்டாயத் தேர்வு ஒன்று இருக்கிறதுதான்: 100 மீற்றரில் நிற்கும் பனிமான் உருவத்தில், 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடியும் விழவேண்டும். ஆனால் அது தகுதி பார்ப்பதோடு சரி. காட்டில் எடுக்க வேண்டிய முடிவுக்குப் பழக்குவது இந்தப் போட்டிகள்தான். இந்த வருடமும் புதியவர்கள் நடத்திய போட்டிகளைப் போய்ப் பார்த்தேன், நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். காதுக்கவசம், குழல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை இங்கே எழுதவில்லை.

காயப்படுத்தியவருக்கும் புள்ளி கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும். எல்க் உருவம் ஒன்றை நிறுத்தி, அதன் மேல் வட்டங்கள் போட்டு, நடுவில் 10, வெளியே போகப் போக 9, 8, 7 என்று கணக்கு. விளையாட்டுச் சுடுதலுக்கு அது சரி. வேட்டைப் பயிற்சிக்கு அது தப்பான பாடம். ஒரு போட்டியில் முதற்பரிசு வாங்கியவரின் உருவத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் துளைகள் அழகாக ஒரே இடத்தில் இருந்தன, ஒன்று மட்டும் தள்ளி வயிற்றில் இருந்தது. அந்த வெடிக்கு 6 புள்ளி! கூட்டிப் பார்த்தால் அவருக்குத்தான் அதிகம், எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த 6 காட்டில் என்ன என்று யோசியுங்கள். குடலில் குண்டு பட்ட எல்க் விழாது, ஓடும். உடனே துரத்தினால் இன்னும் தூரம் போய்விடும் என்பதால் சில மணி நேரம் விட்டுத்தான் தேடப் போகவேண்டும், இலையுதிர் காலத்தில் அதற்குள் இருட்டிவிடும். எல்க், சிவப்பு மான், ரோ மான் வேட்டைக்குப் போகிறவர் தேடுவதற்குப் பழகிய நாய்க்கு ஒழுங்கு செய்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது, அது இந்த மாதிரி வெடிகளுக்காகத்தான். அப்படித் தேடப் போனவர்களோடு டோர்ச் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் நடந்தவன் நான். அந்த வெடிக்குப் புள்ளி கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

எங்கள் கணக்கு இப்படி: இதயமும் நுரையீரலும் இருக்கும் நெஞ்சறைக்குள் பட்டால் 10. சுடாமல் விட்டால் 0. முழுதாகத் தவறினால் கழித்தல் 5. உடலில் வேறு எங்கே பட்டாலும் கழித்தல் 20. ஒரு காயம் இரண்டு நல்ல வெடியைத் தின்றுவிடும், அப்போதுதான் விசையில் விரல் வைக்கும்முன் ஆள் யோசிப்பார்.

நெஞ்சறையின் கோட்டை முன்பக்கம் வரையாதீர்கள், எல்க்கின் தோலில் வட்டம் இல்லை. தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து வைத்து, சுட்ட பிறகு திருப்பிப் பார்த்துப் புள்ளி போடுங்கள். உருவங்கள் எல்லாம் பக்கவாட்டில் நிற்கவும் கூடாது. சற்று அப்பால் திரும்பி நிற்கும் மிருகத்துக்கு, மறுபக்கத்து முன்னங்காலை நோக்கிக் குண்டு போகவேண்டும், ஆகவே அது நுழையும் இடம் வழமையைவிடப் பின்னால் இருக்கும். அந்தத் தாளில் கோட்டையும் அதற்கேற்பத் தள்ளி வரையவேண்டும். இதை மறந்தால் சரியாகச் சுட்டவர்தான் புள்ளியை இழப்பார்.

அதோடு சுடவே கூடாத உருவங்கள் இரண்டு மூன்றைக் கலந்து வையுங்கள்: பின்புறம் காட்டி நிற்பது, பின்னால் கன்று நிற்பது, பின்னணியில் மண்மேடு இல்லாமல் வானம் தெரிவதுபோல் வரைந்தது. அவற்றுக்கு மட்டும் "விடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் 10.

"சனம் சுடத்தானே வருகுது, விடச் சொன்னால் ஏமாந்து போவார்கள்" என்று ஒரு தம்பி என்னோடு வாதாடினார். சுட ஆசைப்படுகிறவருக்குப் போட்டி முடிந்தபின் தனித் தாள் கொடுங்கள், வேண்டிய மட்டும் சுடட்டும். அன்று அந்தத் தம்பியைவிட மெதுவாகச் சுட்ட, நிறைய உருவங்களை விட்டுவிட்ட ஒரு வயதான அம்மா முதலாவதாக வந்தார். அவர் சுட்ட ஒவ்வொரு வெடியும் கோட்டுக்குள் இருந்தது.

முதல் வெடிக்கு முன் பழகு வெடி

வேண்டாம். காட்டில் எப்போதும் குளிர்ந்த குழல்தான். முதல் வெடிக்கு இரட்டிப்புப் புள்ளி கொடுங்கள்.

மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடவிடுவது

மேசையில் குறி சரிபார்க்கலாம், போட்டி வைக்கக்கூடாது. முழந்தாளிட்டு, மரத்தில் சாய்ந்து, தடியில் தாங்கி, தோளில் தொங்கும் பையோடு சுடட்டும்.

300 மீற்றர் பலகை

ஆசைக்காக வைக்கிறார்கள். 100 மீற்றருக்குக் குறி சரிசெய்த .308 ரைபிளில் 300 மீற்றருக்குப் போகும்போது குண்டு அரை மீற்றர் அளவுக்கு இறங்கிவிடும், காற்று வேறு தள்ளும். அதில் ஒருதரம் பட்டுவிட்டால் அந்த ஆள் அதை நம்பி மலையில் பனிமானுக்கும் சுடுவார். தூரத்தைச் சொல்லாமல் 60, 90, 130 என்று மாற்றி மாற்றி வையுங்கள், அதுவே போதும்.

ஓடவிட்டுச் சுடவைப்பது

மூச்சு வாங்கச் சுடுவது நல்ல பயிற்சி. ஆனால் துவக்கு சுடும் இடத்துப் பாயிலேயே இருக்கட்டும், ஆள் மட்டும் ஓடிவரட்டும்.

பெரிய பரிசு

கனத்த குழல் போட்டி ரைபிளோடு வெளியூர் ஆட்கள் வந்து சேருவார்கள். பரிசைக் குலுக்கலில் கொடுங்கள்.

பிந்திய திகதி

செப்டம்பர் நடுவில் வைப்பதில் பயனில்லை. ஆண் ரோ மான் ஓகஸ்ட் 10 இல், பனிமான் ஓகஸ்ட் 20 இல் தொடங்கிவிடுகிறது, ஜூலையில் நாடே விடுமுறையில் இருக்கும். ஜூனில் வைத்தால், ஸ்கோப்பின் திருகு தளர்ந்திருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தவருக்கு அதை இறுக்கி, மறுபடி குறி பார்த்து, கட்டாயத் தேர்வையும் முடிக்க நாள் இருக்கும்.