எம்ஜி காருக்குள் அம்பாசிடர் எஞ்சின்: டிஸ்ட்ரிபியூட்டரை முறையாக உட்கார வைப்பது

பெங்களூரில் ஓடும் பழைய எம்ஜி இரண்டு சீட்டர்களில் சிலவற்றின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின். இரண்டுமே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ் எஞ்சின் வாசனை உள்ள வண்டிகள் என்பதால் மாற்றுவது அவ்வளவு கடினமில்லை. எஞ்சின் உள்ளே இறங்கிய பிறகு தகராறு செய்வது பெரும்பாலும் பிளக்குகளுக்கு முறைவைத்துத் தீப்பொறி மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்தான். உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் கைக்குக் கிடைத்த ஒன்றை வாங்கி, மார்க் பார்த்து டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைத்து, ஏன் இழுக்கவில்லை என்று கார்புரேட்டரைத் திட்டுவது வழக்கம்.

வாங்கும்போதே பாருங்கள். லூகாஸ் வகை 25டி4 என்றால் பேஸ் பிளேட்டைக் கழற்றி, வெயிட்டுகளுக்கு மேலே உள்ள கேமின் அடித்தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. கிராங்க் கணக்குக்கு இரண்டால் பெருக்க வேண்டும். 10 என்று இருந்தால் வேகம் கூடும்போது 20 டிகிரி அட்வான்ஸ் ஏறும், அதாவது தீப்பொறி அவ்வளவு முன்னதாக விழும். எஞ்சின் நின்றிருக்கும்போது வைக்கும் அட்வான்ஸான ஸ்டாட்டிக் 10 சேர்த்தால் மொத்தம் 30, நல்ல கணக்கு. 16 பொறித்ததை எடுத்து அதே ஸ்டாட்டிக் வைத்தால் 42; உயர் வேகத்தில் பிஸ்டனுக்கு ஆபத்து. பி சீரிஸுக்கு மொத்தம் 32 டிகிரியைச் சுற்றி நிறுத்துவது பாதுகாப்பு. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் அட்வான்ஸைக் கூட்டும் வேக்குவம் டப்பாவில் 5-17-8 போல மூன்று எண்கள் இருக்கும்: 5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் இழுக்கத் தொடங்கும், 17-இல் முழுதாக இழுக்கும், அதிகபட்சம் 8 டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. பிறகு ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் புது புஷ் போடாமல் பாயின்ட் கேப் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் இடைவெளி) வைப்பது வீண் வேலை. கேமின் நான்கு மேட்டிலும் நான்கு விதமாகக் காட்டும். வெண்கலப் புஷ்ஷைப் பொருத்துவதற்கு முன் ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊற வையுங்கள்.

அடுத்து டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் நிலை. எஞ்சின் மாற்றிய வண்டியில் புல்லியிலும் டைமிங் கவரிலும் உள்ள குறிகளை நம்பக் கூடாது. புல்லி ஒரு எஞ்சினிலிருந்தும் கவர் இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் மரைப் பகுதியில் முனை மழுங்கிய போல்ட் ஒன்றைப் பற்றவைத்து ஒரு ஸ்டாப்பர் செய்து ஒன்றாம் சிலிண்டரில் மாட்டுங்கள். எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, பிஸ்டன் தட்டி நிற்கும் இடத்தில் புல்லியில் கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடு உண்மையான டிடிசி. செல்ஃப் மோட்டாரால் திருப்ப நினைக்கவே வேண்டாம், பிஸ்டன் உடையும். பிறகு புல்லியின் சுற்றளவை டேப்பால் அளந்து 360-ஆல் வகுங்கள். சுற்றளவு 400 மிமீ என்றால் ஒரு டிகிரிக்கு 1.1 மிமீ, 10 டிகிரிக்கு, எஞ்சின் ஓடும்போது டிடிசி கோட்டுக்கு முன்பே வரும் பக்கம் 11 மிமீ தள்ளி வெள்ளைப் பெயின்ட்டில் கோடு போடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றவைக்கும் டிரைவ் கியரையும் ஒரு முறை சரிபாருங்கள். ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசியில் இருக்கும்போது நான்காவதின் இரு வால்வுகளும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நிலையில் ஆடும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாகக் கீழே பார்த்தால், கியரின் பள்ளம் கடிகாரத்தில் ஒரு மணிப் பக்கம் நிற்க வேண்டும். பள்ளம் பிரிக்கும் இரு பாதிகளில் பெரியது மேலே. இல்லையென்றால் 5/16 யுஎன்எஃப் நீள போல்ட் ஒன்றைக் கியரின் நடுவில் முடுக்கி மேலே இழுத்து எடுங்கள். திரும்ப வைக்கும்போது பள்ளம் படுக்கைக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி பிடித்து இறக்கினால், கேமுடன் பல் பிடிக்கும்போது தானாக இடஞ்சுழியாகத் திரும்பி ஒரு மணிப் பக்கம் வந்து நிற்கும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் ஒயர்களை நகர்த்தி வண்டியை ஓட்டிவிடலாம். ஆனால் வேக்குவம் டப்பா வேண்டாத பக்கம் திரும்பும். டிஸ்ட்ரிபியூட்டர் இந்த எஞ்சினில் வலப்பக்கம், நம் ஸ்டியரிங் காலமும் வலப்பக்கம். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் குலுங்கும்போதும் இடைவெளி மிச்சமிருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் ஹவுசிங்கைப் பிடிக்கும் ஸ்க்ரூவும் முக்கியம்: அதன் தலை முகப்புக்கு மேல் துருத்தினால் டிஸ்ட்ரிபியூட்டர் சாய்ந்து உட்காரும்.

பாயின்ட் கேப் 0.35 முதல் 0.40 மிமீ. ரோட்டருக்குக் கீழே ஷாஃப்ட் தலையில் இரண்டு சொட்டு ஆயில், கேமில் கிரீஸ் கண்ணுக்குத் தெரியுமளவு போதும். ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், ஒயர் வரிசை அதே திசையில் 1-3-4-2. வலஞ்சுழியாக அடுக்கினால் 1-ம் 4-ம் மட்டும் சரியாக இருக்கும், கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்.

இப்போது ஸ்டாட்டிக். ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் வைத்து, எஞ்சினை ஓடும் திசையிலேயே உங்கள் வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடந்துபோனால் கால் சுற்றுப் பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும், இல்லையேல் செயினின் தளர்வு பொய்க் கணக்கு காட்டும். கிளாம்ப் தளர்ந்திருக்க, 12 வோல்ட் பல்பு ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே கட்டி இக்னிஷன் போடுங்கள். உடலை இடஞ்சுழியாகத் திருப்பினால் பாயின்ட் மூடிப் பல்பு அணையும். பிறகு மிக மெதுவாக வலஞ்சுழியாக. பல்பு எரியும் அந்த நொடியில் நிறுத்தி கிளாம்பை முடுக்குங்கள். இக்னிஷனை நிறைய நேரம் போட்டு வைக்காதீர்கள், காயில் சுடும்.

ஸ்டார்ட் ஆன பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஸ்ட்ரோப் லைட்டில் பாருங்கள். வேகம் ஏற ஏற அட்வான்ஸ் சீராக ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். குதித்தால் வெயிட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

இந்த மாற்று வண்டிகளுக்கே உரிய கோளாறு ஒன்று எர்த். புது ரப்பர் மவுண்ட்டில் எஞ்சின் தனியாகிவிடும். பாடியையும் பிளாக்கையும் இணைக்கும் எர்த் பட்டையை மறந்தால் கரென்ட் சோக் கேபிள் வழியாகப் போகும். உள்ளேயும் ஒரு எர்த் ஒயர் உண்டு, பேஸ் பிளேட்டில் சிறியது. அது பாதி அறுந்திருந்தால் ஐட்லில் நன்றாக ஓடி, வேக்குவம் பிளேட்டை இழுக்கும்போது மட்டும் மிஸ் அடிக்கும். பழைய எம்ஜி பாசிட்டிவ் எர்த்தில் வந்தது. பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போடுவதானால் முதலில் பேட்டரி எந்தப் பக்கம் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள், தலைகீழாக இணைத்தால் அது உடனே செத்துவிடும்.

பெங்களூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே நாக்கிங் (எஞ்சின் உள்ளே தட்டும் சத்தம்) விளிம்பு வரை டைமிங் ஏற்றி வைத்த வண்டி, கிருஷ்ணகிரி இறங்கிச் சென்னைப் பக்கம் போனால் ஏற்றத்தில் தட்டத் தொடங்கும். அதற்காகக் கிளாம்பைத் தொட வேண்டாம். 25டி4-இன் பக்கத்துத் திருகில் 11 கிளிக் ஒரு டிகிரி. ஆர் (ரிடார்ட், தாமதம்) குறிப் பக்கம் 22 கிளிக் திருப்பினால் 2 டிகிரி குறையும், ஊர் திரும்பியதும் அதே 22-ஐ ஏ (அட்வான்ஸ்) பக்கம்.